ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு நல்ல ஊர்: மனை வாங்குமுன் நாம் பேசியது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் செயற்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாதம் தோவாளைப் பக்கத்துக் குழு ஒன்றிலிருந்து ஒரு கடன் மனு நம்ம கூட்டமைப்புக்கு வந்தது. மனை வாங்க முன்பணம் கொடுக்க இரண்டு லட்சம் வேணும் என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். வீட்டுக்காரர் பதினான்கு வருஷமாக வளைகுடாவில் வேலை. "இனி மிச்ச காலத்துக்கு ஏர்போர்ட் பக்கமா, பாக்க அழகா, அமைதியா ஒரு சின்ன ஊர்ல வீடு கெட்டணும் அக்கா. வந்து இறங்குனா ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு வரணும்னு அவரு சொல்லியாரு" என்றாள். எந்த ஊர் என்று கேட்டோம். புரோக்கர் காட்டின ஏதோ ஒரு வயல். ஊர் பேரே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மனுவை நாங்கள் தள்ளவில்லை, உடனே பாஸ் பண்ணவும் இல்லை. நாங்கள் மூன்று பேர் அவளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் பஸ்ஸிலும் ரயிலிலுமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்ததையும் யோசித்ததையும்தான் இன்றைக்குச் சொல்கிறோம். நம்மில் பாதிப்பேர் வீட்டில் ஒரு ஆளாவது வெளிநாட்டில் இருக்கிறார். இது ஒருத்தியின் கதை மட்டுமில்லை.

முதலில் ஏர்போர்ட் விஷயம். நமக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். 1932-இல் பறக்கும் கிளப்பாக ஆரம்பித்து, 1935-இல் டாட்டா கம்பெனி விமானம் வந்து இறங்கிய இடம் அது. அப்போது நாமும் திருவிதாங்கூர் ராஜ்யத்தில்தான் இருந்தோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஏர்போர்ட் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. 1991 ஜனவரி 1 முதல் அது சர்வதேச விமான நிலையம். தூத்துக்குடி வாகைக்குளத்திலும் விமான நிலையம் இருக்கிறது, 2025 ஜூலையில் புதுக் கட்டடமும் திறந்தார்கள். ஆனால் வளைகுடாவுக்கு அங்கிருந்து நேரே போக முடியாது. மதுரைக்குப் போகலாமென்றால் நாகர்கோவிலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேலே. ஆகவே களியக்காவிளையைத் தாண்டித்தான் போகணும்.

தூரத்தைச் சொல்லிவிடுகிறோம். ஏர்போர்ட்டிலிருந்து களியக்காவிளை சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து மார்த்தாண்டம் ஏழெட்டு, மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை பதினைந்து, தக்கலையிலிருந்து நாகர்கோவில் பதினேழு. ஆக நாகர்கோவிலுக்கு எழுபத்தைந்து வரும். தோவாளை, பூதப்பாண்டி என்றால் இன்னும் பத்துப் பதினைந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போ ஒரு கணக்கு. நம்ம தங்கச்சியின் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிறார். கூப்பிட ஒரு தடவை, கொண்டுவிட ஒரு தடவை. பத்து வருஷத்துக்கு மொத்தமே பத்து தடவை! அந்தப் பத்து தடவைக்காக வாழ்நாள் முழுக்க இருக்கிற இடத்தைத் தீர்மானிக்கலாமா? எல்லைப் பக்கம் ஒரு செண்டுக்கு ஒரு லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செண்டுக்கு ஐந்து லட்சம். அதில் நாற்பது கிலோமீட்டர் கூடுதலாகக் கார் பிடித்துப் போனால் எத்தனை வருஷம் ஓடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கை ரயிலில் வைத்துப் போட்டபோது தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னதுதான் எங்களை நிறுத்தியது. "அக்கா, அவருக்கு நெஞ்சுவலின்னு அங்கேர்ந்து போன் வந்த அண்ணைக்கு நான் எங்க ஓடுவேன்? அவரு வந்தா நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்லா?" நியாயமான பயம். நம்ம ஊர்களுக்குப் பெட்டியில் வந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம், ராத்திரி முழுக்க வெளியே காத்து நின்றிருக்கிறோம். ஆகவே தூரம் ஒன்றுமே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இல்லை. திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ், ஸ்ரீ சித்திரை, ஆர்.சி.சி. எல்லாம் இருக்கிறது, நம்ம ஆட்கள் அங்கே போகாத நாள் கிடையாது. நம்ம பக்கம் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இனி ஊர்களுக்கு வருவோம்.

களியக்காவிளை. தூரம் குறைவு, பஸ் எப்பவும் உண்டு. ஆனால் குடியிருக்க அழகான ஊரா? எங்களுக்கு அப்படிப் படவில்லை. சந்தையும் லாரியும் ஹார்ன் சத்தமும்தான். உள்ளே தள்ளிப் போனால் ரப்பர் விளைக்கு நடுவே நல்ல இடங்கள் இருக்கின்றன, விலையும் அதற்கேற்றபடி. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி முறையாகத் திறந்ததைச் சொல்லியே புரோக்கர்மார் விலையை ஏற்றுகிறார்கள். துறைமுகத்தில் கப்பல் வருவதால் நம்ம கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார், அந்தப் புரோக்கர் அதோடு போனை வைத்துவிட்டார்.

எல்லையைத் தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வாங்கினால் என்ன? தங்கச்சியும் கேட்டாள். ஊர் நல்ல ஊர்தான், மனிதரும் நமக்கு அன்னியமில்லை, பெண் கொடுத்து எடுத்த உறவுகூட இருக்கிறது. ஆனால் சகோதரிகளே, ரேஷன் கார்டு மாறும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை இங்கத்த கார்டுக்குத்தான். 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் ஓடுகிற டவுன் பஸ்ஸும் இங்கத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கணும். நம்ம குழுவில் உள்ள சேமிப்பும் தொடர்பும் அறுந்துபோகும். அங்கே 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெரிய அமைப்பு இருக்கிறது, சேர்ந்துகொள்ளலாம். ஆனால் முதல் படியிலிருந்து ஏறணும்.

2020-ஐ மறந்துவிட்டோமா? அந்த மார்ச்சில் விமானம் நின்றது. களியக்காவிளையில் தடுப்புக் கட்டி இ-பாஸ் இல்லாமல் ஒருத்தரையும் விடவில்லை. ஏர்போர்ட் பக்கத்தில் இருந்தும் அன்றைக்குப் பிரயோசனம் இருந்ததா? கொரோனா இல்லாத நாளிலும் ஒரு விசேஷம் உண்டு. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் வருஷத்துக்கு இரண்டு தடவை ஓடுபாதை வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்தச் சில மணி நேரம் விமானம் இறங்காது, ஏறாது. சாமி போகிற வழியில் ஏர்போர்ட் கட்டினால் அப்படித்தான். டிக்கெட் போடும்போது ஐப்பசி, பங்குனியில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் கைக்கெட்டும் தூரம். 2018-இல் மேம்பாலம் வந்த பிறகும் கீழே கடைத்தெரு நெருக்கடி நெருக்கடிதான். அதை ஒட்டியே இருக்கிற குழித்துறை வேறு மாதிரி. ஆறு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, ஆடி மாதம் வாவுபலிப் பொருட்காட்சியில் தென்னங்கன்றும் பலாக்கன்றும் வாங்கப் போகாத பெண் நம்மில் யார்? எல்லாவற்றுக்கும் மேலே ரயில் நிலையம். நாகர்கோவில் திருவனந்தபுரம் ரயில் 1979-இல் வந்தது. ரயிலில் போய் இறங்கினால் அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ போதும். ஆனால் நடுராத்திரி விமானத்துக்கு ரயில் நம்ம நேரத்துக்கு வராது, அதையும் சொல்லணும். 2021 நவம்பர் மழையில் மண் சரிந்து இந்தப் பாதையிலேயே ரயில் நின்றது. அப்போது ஆற்றங்கரையில் தண்ணீர் ஏறினதையும் பார்த்தோம். குழித்துறையில் வாங்குகிறவர்கள் சப்பாத்தைத் தண்ணீர் மூடுகிற நாளில் ஒரு தடவை போய் இடத்தைப் பாருங்கள்.

தக்கலையை எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. பழைய தலைநகரம் பத்மநாபபுரம், கோட்டைக்குள்ளே அமைதியான தெருக்கள், பழைய ஓட்டு வீடுகள். அரண்மனையைப் பார்த்துக்கொள்வது மட்டும் கேரள அரசு. ஏர்போர்ட்டுக்கு சுமார் 58 கிலோமீட்டர், நாகர்கோவிலுக்குப் பதினேழு, இரண்டு பக்கமும் பஸ். ரயில் ஏற இரணியல் பக்கம். திருவட்டாறு, குலசேகரம் பக்கம் இன்னும் குளிர்ச்சி. மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு என்று பார்க்க அழகுதான். ஆனால் ராத்திரி அவசரத்துக்கு வண்டி கிடைப்பது கஷ்டம் என்று அங்குள்ள குழு அக்காமாரே சொன்னார்கள்.

கடைசியில் ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ளணும். திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழிக் காற்றும் தோவாளைப் பூ மணமும் தாடகை மலையும் கண்ணில் பட்டதும், "இதைவிட அழகான ஊரா?" என்று தங்கச்சியே கேட்டாள். சொந்தபந்தம் இருக்கிற இடம் வேறே. வீட்டுக்காரர் அங்கே, பிள்ளைகள் சின்னது, தெரியாத ஊரில் தனியாக இருக்கப் போவது அவர் இல்லை, அவள்! இதை ஏனோ அதுவரை ஒருவரும் அவளிடம் கேட்கவே இல்லை.

அந்த வயல் மனைக்கு வருவோம். நன்செய் நிலத்தில் மண் போட்டுக் கல் நட்டிருந்தார்கள். பக்கத்தில் குளத்து மறுகால் ஓடை. 2021 மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்றதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டோம், "வந்துரும்" என்றார்கள். வந்த பிறகு நாமும் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அங்கீகாரம் இல்லாத புது மனைப்பிரிவில் பத்திரப்பதிவே சிக்கல், பின்னால் வீட்டு வரைபட அனுமதியும் கிடைக்காது.

எந்த ஊரில் வாங்கினாலும் மூலப் பிரமாணத்தைக் கண்ணால் பாருங்கள், நகலை மட்டும் நம்பாதீர்கள். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்காவது போட்டுப் பாருங்கள். பட்டா விற்கிறவர் பேரில் இருக்கணும். நம்ம நாஞ்சில் நாட்டில் கோயில் நிலம் நிறைய, கைமாறிக் கைமாறி வந்திருக்கும், அதை விசேஷமாக விசாரிக்கணும். கிணற்றுத் தண்ணீரைச் சித்திரை மாதம் போய்க் குடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்பு, மேற்கே சில பொற்றைகளில் பாறை.

இனி முக்கியமானது, யார் பேரில்? இந்தத் தங்கச்சி வீட்டில் முன்னே ஒரு இடம் வாங்கினார்கள். பணம் அனுப்பினது அவர், பத்திரம் ஒரு உறவினர் பேரில். "லீவுக்கு வரும்போது மாத்திக்கலாம்" என்றார்கள். எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் மாறவில்லை. அதனால்தான் இந்தக் கடன் மனுவையே அவள் தனியாகக் கொண்டுவந்தாள். அவளுடைய பயத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மனைவி பேரில் வாங்கினால் வீட்டுக்காரர் பதிவுக்கு வரவே வேண்டாம், பவர் பத்திரமும் வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. பத்து லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு? பத்தாயிரம் மிச்சம். வீட்டுக்காரரிடம் போனில் சொல்ல இது நல்ல வழி. "என் பேர்ல எழுதுங்க" என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் "பத்தாயிரம் லாபம்" என்று ஆரம்பிக்கலாம்.

தங்கச்சி அப்படித்தான் ஆரம்பித்தாள். அவர் முதலில் சிரித்தாராம், பிறகு இரண்டு நாள் போன் வரவில்லையாம், மூன்றாம் நாள் "சரி, ஒம்பேர்ல பாரு, ஆனா நான் வந்து இடத்தப் பாத்த பெறவு" என்றாராம். அந்த வயலுக்கு முன்பணம் கொடுக்கவில்லை. இப்போ தக்கலைக்குக் கிழக்கே ஒரு ஆறு செண்டும், பூதப்பாண்டிப் பக்கம் ஒரு எட்டு செண்டும் பார்த்து வைத்திருக்கிறாள். அவர் வருவது ஆவணி மாதம். கடன் மனு நிலுவையில்தான் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் வில்லங்கச் சான்று வந்ததும் செயற்குழு மறுபடி எடுக்கும்.

இதே போல மனை வாங்கக் கடன் மனு போட்டிருக்கிற மற்ற ஆறு பேரும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பட்டா நகலும் மூலப் பிரமாண நகலும் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.