பண்டிகை விருந்தும் பிறர் சமயமும்

தங்காக் துணிக்கடைகளில் மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும் ஒன்றாக நின்றுதான் பண்டிகைத் துணி எடுக்கிறோம். விருந்தென்று வரும்போதுதான் மனத்தாங்கல். தீபாவளிக்கு அழைத்த மலாய் அண்டை வீட்டார் முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கறியைத் தொடாவிட்டால் நம் முகம் வாடிவிடுகிறது. பன்றிக்கறி பட்ட பாத்திரமும், அவர்கள் முறைப்படி அறுக்காத கோழியும் அவர்களுக்கு விலக்கு. நம்மில் பலர் மாட்டிறைச்சியை ஒதுக்குவதில்லையா? அதைப் போலத்தான்.

1969 மே கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்ட் 31-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். எந்தச் சமயத்து இறைவன் என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளியில் அதை ஒப்புவிக்கிறார்கள்.

ஆகவே, ஹலால் கோழி வாங்கிப் புதுப் பாத்திரத்தில் சமைப்போம். அழைக்கும்போதே அதைச் சொல்லிவிடுவோம். அப்படியும் உண்ணவில்லையா? வந்ததே பெரிது. கோழி வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச் செல்வோம். ஏன் இந்தக் கடை என்று அவர்களே கேட்பார்கள்.