கிணற்று நீச்சலும் கடல் நீச்சலும்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டால், சில நாள்களில் சிறுவன் நீந்தக் கற்றுக்கொள்வான். இது நம் சிற்றூர்களின் பழைய வழக்கம். இவ்வழக்கம் அருகி வருகிறது. அதனை மீட்பது நம் கடமை. ஆயினும் இன்று நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. கிணற்றில் கற்ற நீச்சல் மட்டும் ஒருவனைக் கடலில் காப்பாற்றிவிடாது.

திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் கன்னியாகுமரிக்கும் உள்நாட்டு ஊர்களிலிருந்து மக்கள் ஆண்டுதோறும் செல்கின்றனர். இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தில் கடல் பெரும்பாலும் குளம்போல் அடங்கிக் கிடக்கும். அங்கு நீராடிப் பழகியவர் எல்லாக் கடலும் அத்தகையதே என்று எண்ணிவிடுதல் கூடாது.

கிணற்று நீர் நின்ற நீர். கடல் நீரோ ஓயாது இயங்குவது. அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் நீர், திரும்பிச் செல்ல வழி தேடுகிறது. மணல் திட்டுகளுக்கிடையே பள்ளம் இருப்பின், மடை திறந்த வாய்க்கால்போல் அவ்வழியே கடலை நோக்கி ஓடுகிறது. இவ்விழுப்பு சிற்சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் விரைவு கொள்ளும். 2024-ஆம் ஆண்டு 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனை படைத்த வீரரின் வேகமே நொடிக்கு ஏறத்தாழ 2.15 மீட்டர்தான். அத்தகைய நீரை எதிர்த்து நம் இளைஞர் எங்ஙனம் கரையேற இயலும்?

இதனை அறிவது எப்படி? இருபுறமும் அலைகள் வெண்ணுரையாக உடையும். நடுவில் மட்டும் நீர் அடங்கி, சற்றுக் கருமையாகவோ மணல் கலங்கியோ தோன்றும். அமைதியான இடமென்று நம்பிப் பலர் அங்கேயே இறங்குகின்றனர்!

இழுப்பில் அகப்பட்டவர் அஞ்சுதல் வேண்டா. அது ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை. கரையினின்று அப்பால் கொண்டு செல்கிறது. அதனை எதிர்த்து நீந்திக் களைப்பதே உயிருக்கு இறுதியாகிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைக் கடந்த பின்னரே கரைநோக்கித் திரும்ப வேண்டும். அதற்கும் வலுவில்லையேல், மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும்.

குமரிக் கடலோரத்தார் 'கள்ளக்கடல்' என்றொரு நிகழ்வைக் கூறுவர். தொலைவிலுள்ள தென் பெருங்கடலில் எழும் புயலால் உண்டாகும் பேரலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளிலும் கள்ளன்போல் கரையேறும். 2024 மே மாதம் இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்களில், குமரி மாவட்டக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. பயணத்திற்கு முன் அவற்றை அறிந்துகொள்வதும், கரையிலுள்ள மீனவரைக் கேட்டு இறங்குவதும் அறிவுடைமை.

ஒருவர் தத்தளிக்கக் கண்டால், பயிற்சியில்லாதார் பின்னே குதித்தல் ஆகாது. இரண்டு உயிர்கள் போகக்கூடும். கயிறோ, மூடிய வெற்றுக் கேனோ, காற்றடைத்த டியூபோ வீசுங்கள். கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் தவறு. அவர் மூச்சின்றிக் கிடந்தால், உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூதி, பின்னர் நெஞ்சை அழுத்தி, 108 ஊர்தி வரும்வரை இரண்டையும் மாறிமாறித் தொடர வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களே! கோடை விடுமுறையில், நீந்தத் தெரிந்த பெரியோர் மேற்பார்வையில், சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் நீச்சல் கற்பியுங்கள். மிதக்கக் கற்பிப்பதை முதற்பாடமாகக் கொள்ளுங்கள். சுற்றுலாப் பேருந்து ஊரை விட்டுப் புறப்படுமுன், இங்குக் கூறியவற்றை ஐந்து நிமிடம் எடுத்துரையுங்கள். நீண்ட கயிறு ஒன்றையும் வெற்றுக் கேன்கள் இரண்டையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. சென்ற பிள்ளைகள் அனைவரும் வீடு திரும்புவர்.