இணைவு உலைக்கு உறைந்த எரிபொருள்

(பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



கதிரவனில் நிகழும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்தும் முயற்சியைப் பற்றிப் பேசுவோர் அதன் வெப்பத்தையே வியந்து கூறுவர். நான் இன்று குளிரைப் பற்றிக் கூற விழைகிறேன்.

பிரான்சு நாட்டின் கடராஷ் என்னுமிடத்தில், பன்னாட்டுக் கூட்டுறவில் ஈட்டர் என்னும் உலை உருவாகி வருகிறது. வளைய வடிவமான அதன் கலத்தில் 15 கோடி பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பிளாஸ்மாவைக் காந்தப் புலம் தாங்கி நிற்கும். பிளாஸ்மாவின் கன அளவு சுமார் 840 கன மீட்டர். எனினும், எந்த ஒரு கணத்திலும் அதில் இருக்கும் எரிபொருள் சில கிராமே. ஆகவே அதனை இடையறாது ஊட்டியாக வேண்டும்.

வாயுவாகச் செலுத்துவது எளிது. ஆனால், வாயு பிளாஸ்மாவின் விளிம்பைத் தொட்டதும் மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. காந்தப் புலக் கோடுகளில் சிக்கி, நடுப்பகுதியை அடையுமுன்பே பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. இதற்குத் தீர்வாக அமைந்ததே உறைந்த எரிபொருள்.

கன ஹைட்ரஜனாகிய டியூட்டிரியம், சுழியத்துக்குக் கீழே சுமார் 254 பாகையில் உறைகிறது. அவ்வாறு உறைந்ததைத் திருகுப் பொறியால் பிதுக்கி, சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக வெட்டி, அழுத்தமூட்டிய வாயுவால் உந்துகின்றனர். பிளாஸ்மாவில் நுழைந்ததும் துண்டின் மேற்பரப்பு ஆவியாகி, அடர்ந்த முகிலாக அதனைச் சூழ்கிறது. அம்முகிலே எஞ்சிய பகுதிக்குக் கவசமாகிறது. அக்கவசத்தின் துணையால் துண்டு சில மில்லி விநாடிகள் தாங்கி உட்செல்கிறது.

எப்பக்கத்திலிருந்து செலுத்துவது என்பதும் முக்கியம். ஆவியான பொருள் வளையத்தின் வெளிப்புறம் நோக்கி நகரும் இயல்புடையது. ஆகையால், உட்புறத்திலிருந்து செலுத்தினால் அது பிளாஸ்மாவின் நடுவை நோக்கிச் செல்லும். ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு கருவியில் நடந்த சோதனைகள் 1997-இல் இதனை மெய்ப்பித்தன. ஆனால், உட்புறத்தை அடைய வளைந்த குழாய் வழியே செல்ல வேண்டும். மிகு வேகத்தில் சென்றால் வளைவில் மோதித் துண்டு நொறுங்கும். எனவேதான் ஈட்டரில் விநாடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகமே கருதப்படுகிறது.

மற்றொரு சிக்கல் சிக்கனம் பற்றியது. இணைவுக்குத் துணையாக வேண்டிய டிரிட்டியம் இயற்கையில் மிக அரிது, 12.3 ஆண்டுகளில் அதில் பாதி சிதைந்துவிடும். ஊட்டுவதில் சிறு பகுதியே எரியும். எஞ்சியதை உறிஞ்சி எடுத்து, தூய்மைப்படுத்தி, மீண்டும் உறையச் செய்ய வேண்டும். எரிபொருள் எந்த அளவு உள்ளே சேர்கிறதோ, அந்த அளவு இச்சுமை குறையும்.

ஈட்டரில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. உலையைச் சூழும் 29 மீட்டர் உயர வெற்றிடக் கலத்தின் பகுதிகள் குஜராத்தின் ஹசீராவில் உருவாயின. காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் இத்துறையில் பணியாற்றி வருகிறது. பிறர் செய்த உலையை நாளை விலைக்கு வாங்கலாம். ஆனால், அதனை இயக்கும் திறனை வாங்க இயலாது. அத்திறனில் பெரும்பகுதி குளிர்நுட்பத்தில் உள்ளது. உறையச் செய்தல், வெற்றிடம் காத்தல், அளந்து செலுத்துதல் ஆகிய கலைகளை நம் பணிமனைகளிலேயே பயில வேண்டும். அப்பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது.