பூட்டுண்ட கோப்பு



காணி விடயமாகக் கச்சேரிக்குச் சென்று வந்தோர் ஒரு விடையை நன்கு அறிவர். “உங்கள் கோப்பு இங்கே இல்லை, இன்னோர் எழுதுவினைஞரின் மேசையில் இருக்கிறது” என்பதே அவ்விடை. கோப்புத் தொலைந்து போகவில்லை. அதனுள் பிழையும் இல்லை. பிறரொருவர் கையில் இருக்கின்றமையால் நம் கருமம் நடைபெறவில்லை, அவ்வளவே. கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரும் இதே விடையை அடிக்கடி பெறுகின்றனர். அவ்விடை ஏன் வருகிறது, வந்தால் யாது செய்யலாம் என்பவற்றையே இன்று சொல்ல எண்ணுகின்றேன். நான் கலைப்பட்டதாரி, கணினியை முறையாகப் பயின்றவன் அல்லன். ஆயினும் எங்கள் பாடசாலைக் கணினிக்கூடத்தில் மாணவர் பலர் இவ்விடத்தில் இடறி நிற்பதைக் கண்டு, தெரிந்தோரிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றைக் கூறுகின்றேன்.

செய்நிரல் எழுதுவோன் எழுதுவது மனிதர் வாசிக்கத்தக்க மூலம். அதனைக் கணினி ஓட்டத்தக்க கோப்பாக மாற்றும் வேலையைக் கட்டுதல் என்பர். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1997 ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்ட விசுவல் ஸ்டூடியோ என்னும் சாதனத்தில் இவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்று பாருங்கள். சி ஷார்ப் மொழியில் எழுதிய செய்நிரல் முதலில் ‘ஒப்ஜ்’ என்ற கோப்புறையில் உருவாகும்; பின்னர் ‘பின்’ என்ற கோப்புறைக்குப் பிரதி செய்யப்படும். மாணவன் ஓட்டிப் பார்ப்பது இந்த இரண்டாவது பிரதியை. ஓடுகையில் ஒரு குறை தென்படுகிறது, மூலத்தைத் திருத்துகிறான், மீண்டும் கட்டுகிறான். புதிய கோப்பு ஒப்ஜில் தயாராகிவிட்டது. ஆனால் பின்னில் இருக்கும் பழைய கோப்போ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புதியதை எழுத விண்டோஸ் இடங்கொடாது. கட்டும் சாதனம் உடனே கைவிடுவதில்லை. ஒரு செக்கன் இடைவெளியில் பத்து முறை முயன்று பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் எம்.எஸ்.பி. 3026 என்ற எச்சரிக்கை வரும். இறுதியில் 3027, 3021 என்ற இலக்கங்களோடு, ‘இக்கோப்பை வேறொரு செய்நிரல் பயன்படுத்துகின்றமையால் அணுக இயலவில்லை’ என்ற கருத்துப்பட ஒரு செய்தி சிவப்புக் குறியோடு தோன்றும்.

இதைக் கண்ட மாணவன் தன் மூலத்திலே தவறு என்று எண்ணிவிடுகிறான். இதுவே எனக்குக் கவலை தரும் பகுதி. மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த நூலகச் செய்நிரலை ஒப்படைப்பதற்கு முதல்நாள், ஒரு மாணவன் சரியாயிருந்த வரிகளையே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். மாலை வருவதற்குள் அச்செய்நிரல் உண்மையாகவே பழுதாகிவிட்டது. முதலில் இருந்த தடையோ, அவன் காலையில் திறந்து மூட மறந்த ஒரு சிறு சாளரம். செய்தியின் முன்னெழுத்துகளை வாசிக்கும் பழக்கம் இருந்திருந்தால் அத்துன்பம் வந்திராது. சி.எஸ். என்று தொடங்கும் இலக்கம் மூலத்தைப் பற்றிப் பேசுவது, எம்.எஸ்.பி. என்று தொடங்குவது கட்டும் வேலையைப் பற்றிப் பேசுவது. சி பிளஸ் பிளஸ் மொழியாயின் எல்.என்.கே. 1168 என்ற இலக்கம் வரும். ஆக்கப்படவேண்டிய கோப்பை எழுதுவதற்காகத் திறக்க முடியவில்லை என்பது அதன் பொருள். நம் பிள்ளைகள் பிழைச்செய்தியைக் கண்டதும் வாசியாமலே மூடிவிடுகின்றனர். வாசிக்கக் கற்பித்தல் தமிழாசிரியர் வேலை மட்டும் அன்று போலும்!

இனி, விண்டோஸ் ஏன் இவ்வாறு பிடிவாதம் செய்கிறது? ஒரு செய்நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது, ‘நான் வைத்திருக்கையில் பிறர் வாசிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா’ என்று மூன்று வகையாக இசைவு தெரிவிக்கிறது. ஒன்றுக்கும் இசையாவிடில், அது மூடும்வரை வேறெவரும் அதைத் திறக்கவியலாது. இவ்வழக்கம் 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.எஸ். டொஸ் 3.0 பதிப்பிலேயே தொடங்கியது. ஓடுகின்ற செய்நிரலின் கோப்புக்கு இன்னும் வலிய காரணம் உண்டு. அக்கோப்பு முழுவதும் ஒரேயடியாக நினைவகத்துக்கு வந்துவிடுவதில்லை. தேவைப்படுந்தோறும் ஒவ்வொரு பக்கமாக வன்வட்டிலிருந்து கொணரப்படுகிறது. நடுவிலே கோப்பை மாற்றிவிட்டால், முற்பாதி பழையதும் பிற்பாதி புதியதுமாக ஓர் உருவம் ஓடும். அதன் விளைவை எவர் சொல்லவல்லார்? ஆதலின் பூட்டு என்பது பகையன்று, காவல்.

1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸ் வேறு வழி கொண்டது. அங்கே கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. பெயரை நீக்கினாலும், அதனைத் திறந்து வைத்திருப்போர் அனைவரும் மூடும்வரை உள்ளடக்கம் வட்டில் இருந்துகொண்டே இருக்கும். எனவே பழைய பெயரை நீக்கிப் புதியதை அதே பெயரில் வைக்க முடியும். இதனைக் கொண்டு விண்டோஸைப் பழிப்போர் உளர். ஆனால் அம்முறையில், புதியது வந்துவிட்டதென்று நாம் எண்ணியிருக்கப் பழையதே ஓசையின்றி ஓடிக்கொண்டிருத்தல் கூடும். அதனால் ஏமாந்தோரும் உளர். மேலும், ஓடுகின்ற கோப்பின்மீது நேராக எழுத முயன்றால் லினக்ஸும் மறுக்கவே செய்யும்.

கோப்பை வைத்திருப்பவர் யார் என்று தேடுவோம். முதலில் ஐயுற வேண்டியது நம்முடைய செய்நிரலையே. சாளரம் மூடிவிட்டதாயினும், உள்ளே ஒரு வேலை முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால் செய்நிரல் இறவாது. விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தலாம். அடுத்து, கட்டும் சாதனத்தின் உதவியாளர்கள். ஒரு வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை; அடுத்த வேலை விரைவாகத் தொடங்கும்பொருட்டு அங்கேயே காத்திருக்கின்றனர். அவர்கள் திறந்த துணைக்கோப்பு அவர்களிடமே தங்கிவிடுவதுண்டு. ‘டொட்நெட் பில்ட்-சேர்வர் ஷட்டவுன்’ என்ற கட்டளை அவர்களுள் பெரும்பாலாரை அனுப்பிவிடும்.

வைரசு தடுக்கும் மென்பொருள் மூன்றாமவர். புதிதாகப் பிறந்த கோப்பைச் சோதிப்பது அதன் கடமையன்றோ? அது பெரும்பாலும் சிறுபொழுதே பிடித்து வைக்கும். முன்னே சொன்ன பத்து முயற்சிகளும் அதற்குப் போதும். கோப்புகளை இணையத்திலே பிரதி எடுத்து வைக்கும் வன்டிரைவ் போன்ற சேவைகளின் கோப்புறைக்குள் வேலையை வைத்திருப்போர், அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுதல் நன்று.

இன்னுமொன்று: செய்நிரல் எழுதுவோனே பூட்டிவிட்டுத் திறக்க மறத்தல். படமொன்றைப் பிட்மப் என்ற கருவியால் கோப்பிலிருந்து நேராக ஏற்றினால், அக்கருவி விடுவிக்கப்படும்வரை அப்படக்கோப்புப் பூட்டுண்டே கிடக்கும். சி ஷார்ப் மொழியில் ‘யூசிங்’ என்ற சொல் இதற்கென்றே அமைந்தது. அதன் எல்லை முடிந்ததும் கைப்பற்றிய பொருள் தானே விடுவிக்கப்படுகிறது. இச்சிறு பழக்கத்தைத் தொடக்கத்திலேயே மாணவருக்கு ஊட்டுதல் வேண்டும்.

ஊகத்தால் அறிய முடியாதபோது சாட்சி தேடலாம். அண்மைக்காலப் பதிப்புகளில் செய்தியே, பூட்டியிருப்பவரின் பெயரையும் இலக்கத்தையும் பல வேளைகளில் சொல்லிவிடுகிறது. இல்லையேல், மார்க் ருசினோவிச் என்பார் ஆக்கிய புரொசஸ் எக்ஸ்புளோரர் என்ற இலவசக் கருவி உண்டு. அவரும் பிரைஸ் கொக்ஸ்வெல் என்பாரும் 1996 இல் தொடங்கிய முயற்சியை மைக்ரோசொப்ட் 2006 இல் தன்னுடையதாக்கிக் கொண்டது. அதிலே கோப்பின் பெயரைக் கொடுத்துத் தேடினால், அதைப் பிடித்திருக்கும் செய்நிரல் தெரியவரும். விண்டோஸுடன் வரும் ரிசோர்ஸ் மொனிட்டரிலும் இவ்வாறு தேடலாம்.

ஓர் எச்சரிக்கை. அக்கருவியால் பிறர் பிடியை வலிந்து விடுவிக்கவும் இயலும், அதனைச் செய்யற்க. எழுதுவினைஞர் எழுதிக்கொண்டிருக்கையில் அவர் கையிலிருந்து கோப்பைப் பறித்தல் போன்றது அது. பிடி பறிபோனது அறியாத செய்நிரல் தொடர்ந்து எழுத முற்படும். பழைய பிடியின் இலக்கம் வேறு கோப்புக்கு வழங்கப்பட்டிருந்தால் எழுத்து அங்கே போய்ச் சேரும். தரவுத்தளம் ஒன்றின் கோப்பாயின், ஒரு பாடசாலையின் புள்ளிப்பதிவுகள் யாவும் பாழாகலாம். செய்நிரலை முறையாக மூடுவதே வழி. மூடாவிடில் அதை முழுவதுமாக நிறுத்துக.

மூட வசதியற்ற இடத்தில் ஓர் உபாயம் உண்டு. ஓடும் கோப்பை விண்டோஸில் அழிக்க முடியாதேயன்றி, அதே வட்டில் பெயர் மாற்றிவிட முடியும். பழையதற்கு வேறு பெயரிட்டால், அதன் இடத்தில் புதியது வந்து அமரும். பழையதை அது ஓய்ந்தபின் அழித்துக்கொள்ளலாம். இணையத்தளங்களை ஓட்டும் ஏ.எஸ்.பி. டொட்நெட் முறையிலோ, ‘அப் ஒஃப்லைன்’ என்ற பெயரில் ஒரு சிறு பக்கத்தைத் தளத்தின் கோப்புறையில் வைத்தால் போதும். சேர்வர் அத்தளத்தை நிறுத்திக் கோப்புகளை விடுவிக்கும், வருவோருக்கு அப்பக்கத்தைக் காட்டும். வேலை முடிந்ததும் அப்பக்கத்தை எடுத்துவிட்டால் தளம் மீண்டும் எழும்.

இவையொன்றும் பலியாவிடில், கணினியை அணைத்து மீளத் தொடக்கிய பின், ஒப்ஜ், பின் என்ற இரு கோப்புறைகளையும் அழித்துவிட்டு மீண்டும் கட்டலாம். அவ்விரண்டில் உள்ளவை மூலத்திலிருந்து மறுபடி உருவாகக்கூடியவை, ஆதலின் நட்டமில்லை. மாணவன் தன் தரவுக் கோப்பு எதையேனும் பின் கோப்புறைக்குள் வைத்திருக்கிறானா என்பதை மட்டும் அழிக்குமுன் பார்த்துக்கொள்க.