விடைத்தாள் கட்டும் பெருந்தரவும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பெருந்தரவு, மேகக் கணிமை, பைத்தான் என்றதும் இது கணினி ஆசிரியர்களுக்கான செய்தி என்று நீங்கள் நினைக்கலாம். நமக்கு நன்கு பழகிய ஒரு வேலைதான் அது: விடைத்தாள் திருத்தும் பணி.

பொதுத்தேர்வின் லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒருவரே திருத்த முடியுமா? முகாம்களுக்குப் பிரித்து, கட்டுக் கட்டாகக் கொடுக்கிறோம். அவரவர் கட்டை அவரவர் திருத்துகிறார். பின்பு மதிப்பெண்கள் ஓரிடத்தில் சேர்கின்றன. ஒருவர் வராவிட்டால் அவருடைய கட்டு மற்றொருவருக்குப் போகிறது. கூகுள் பொறியாளர்கள் ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ‘மேப்ரெடியூஸ்’ முறையின் சாரமும் இதுவே.

எக்செல் விரிதாளின் ஒரு பக்கத்தில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அதைத் தாண்டும் தரவை மேகத்தில், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் தொலைதூரக் கணினிகளில் பிரித்து வைக்கிறார்கள். 2009இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ‘ஸ்பார்க்’ மென்பொருள், அங்கே முதன்மைத் தேர்வாளரைப் போல வேலையைப் பங்கிடுகிறது. அதற்குக் கட்டளையிட, நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் உள்ள பைத்தான் மொழியே உதவுகிறது.

இனி, நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதிப் பள்ளிகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களைப் பைத்தானில் தொகுத்தேன். பள்ளிவாரியாகச் சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளுக்கு மீண்டும் சராசரி எடுத்தேன். எளிதாக விளங்க, இரண்டே பள்ளிகள் என்று கொள்வோம். ஒன்றில் 10 பிள்ளைகள், சராசரி 80. மற்றொன்றில் 90 பிள்ளைகள், சராசரி 40. என் கணக்கில் வந்தது 60. தனிப்பயிற்சி தேவையில்லை என்று எழுதப் போனேன். ஒரு மூத்த ஆசிரியை கேட்டார்: “சார், என் பள்ளியில மட்டும் 90 பேர் இருக்காங்களே, அவங்க எங்க போனாங்க?”

மொத்த மதிப்பெண் 800, 3600, கூட்டினால் 4400. அதை 100 பேருக்கு வகுத்தால் 44தான்! கணினி பிழை செய்யவில்லை. நான் தவறாகக் கேட்டிருந்தேன். ஒவ்வொரு கட்டிலிருந்தும் சராசரியை மட்டும் வாங்கக் கூடாது. கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் வர வேண்டும். ஆயிரம் கணினிகள் சேர்ந்தாலும் இந்த விதி மாறாது. நாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் கவனம்தானே இது?

மற்றொன்று. பிள்ளைகளின் பெயர், ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றைச் சொந்தக் கணக்கில் மேகத்தில் ஏற்றாதீர்கள். பயிற்சிக்கு எண் 1, எண் 2 என்று குறியீடு போதும். யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் பள்ளி பீரோவிலேயே இருக்கட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகவே கருதுகிறது.

வகுப்பில் இதைக் கற்பிக்கக் கணினிகூட வேண்டாம். பழைய நாளிதழ் ஒன்றைப் பக்கம் பக்கமாகக் குழுக்களுக்குக் கொடுங்கள். ‘அ’ எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணட்டும்; கரும்பலகையில் கூட்டுங்கள். பெருந்தரவின் முதல் பாடம் முடிந்தது.

எவ்வளவு பெரிய தரவானாலும், ஒவ்வொரு வரிசையும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை. அதை மறவாதிருப்போம்.