எடை குறைப்பு அறுவை சிகிச்சை: வீடு திரும்பிய பிறகே கவனம் தேவை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எடை குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். உயிருக்கே ஆபத்து என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே முழு உண்மையல்ல.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடல் பருமனோ உடையவர்கள். பருமனோடு இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை பெரிய நன்மை தருகிறது. ஆனால், சிகிச்சை அறுவை மேசையோடு முடிந்துவிடுவதில்லை.

இன்று இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்றில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்குகிறார்கள். மற்றொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பது அது.

முதல் சில வாரங்கள்

தைத்த இடத்தில் கசிவு ஏற்படலாம். இதயம் படபடவென்று வேகமாக அடிப்பது, காய்ச்சல், வயிற்றுவலி, இடது தோள்வலி ஆகியவை அதன் அறிகுறிகள். கெண்டைக்காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் சென்றால் திடீரென மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும். "வாயு பிடித்திருக்கும்" என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வாந்தியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்

சாப்பிட்டதெல்லாம் நாள்கணக்கில் வாந்தியானால், உடலில் பி1 வைட்டமின் விரைவில் தீர்ந்துவிடும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, மனக் குழப்பம் ஆகியவை மூளை பாதிக்கப்படுவதைக் காட்டும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், "எனக்கு இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். இத்தகையவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பாகவோ அதனுடனோ பி1 ஊசி போட வேண்டியிருக்கும்.

மாதங்கள், ஆண்டுகள் கழித்து

எடை வேகமாகக் குறையும்போது பித்தக்கல் உருவாகலாம். பைபாஸ் செய்தவர் இனிப்பான தே தாரேக் குடித்தால் சிறிது நேரத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கும் வலிமாத்திரைகள் சில, இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். புகைப்பதும் அப்படியே. பைபாஸ் செய்தவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு கடும் வயிற்றுவலி வரக்கூடும்.

சத்துக் குறைவோ சத்தமில்லாமல் வரும். பி12 சத்து உடலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால், அது குறைவது உடனே தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்தியவருக்கு, பிறகொரு நாள் கால் மரத்துப்போகும், இரத்தசோகை வரும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவையும் குறையும். நம்மில் சைவ உணவுக்காரர்கள் பி12, புரதம் இரண்டிலும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விரதம் இருக்க விரும்புவோர் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இனிப்புநீர், கொதிப்பு மருந்துகளின் அளவையும் மருத்துவர்தாம் மாற்ற வேண்டும். பெண்கள் குறைந்தது 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

"இன்னும் ஒரு வாய் சாப்பிடு" என்பது நம் வீட்டு அன்பு. சுருங்கிய இரைப்பைக்கு அந்த ஒரு வாயே வாந்தியாகும். எடை மீண்டும் சற்று ஏறினால் கேலி செய்யாதீர்கள். கேலிக்கு அஞ்சி மருத்துவரைப் பார்க்காமல் ஒதுங்கிவிடுபவரிடம்தான் குறைபாடுகள் கண்டுபிடிக்கப்படாமல் முற்றுகின்றன.

ஆகவே, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அதன் பிறகு என்னை யார், எத்தனை காலம் கவனிப்பார்கள்?" இரத்தப் பரிசோதனையும் சத்து மாத்திரையும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை. அதற்கு மனமொப்பித் தயாரானவருக்கே இந்தச் சிகிச்சை முழுப் பயன் தரும்.