36 யூரோ அபராதம்



நம்மில் பெரும்பாலோர்க்கு ஷெங்கன் என்பது ஒரு விசாவின் பெயர். வங்கிக் கணக்கு, சம்பளச் சான்று, பயணக் காப்பீடு என்று கோப்பு நிறையக் காகிதம் கொடுத்தால் கிடைப்பது. உண்மையில் அது லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஒரு படகில் ஐந்து நாடுகள், தங்களுக்கிடையே எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, எல்லையில் காத்துக் காத்துச் சலித்த லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்திருந்தார்கள். ஐரோப்பிய லட்சியத்தில் இந்த லாரிகளுக்கும் பங்குண்டு என்பதை விழா உரைகளில் யாரும் சொல்வதில்லை.

இன்று அந்த ஏற்பாட்டில் 29 நாடுகள். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில்தான் முழுமையாகச் சேர்ந்தன. வீட்டுக்குள் புதியவர்கள் வந்துகொண்டிருக்கும்போதே பழையவர்கள் அறைக்கதவுகளைத் தாழிடுகிறார்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனை நடத்துகிறது. 2025 ஜூலையில் போலந்தும் ஜெர்மனியை ஒட்டிய எல்லையில் சோதனையைத் தொடங்கியது.

இந்தக் கருத்தரங்கு கூர்ந்து பார்க்க வேண்டியது ஒரு சிறிய வழக்கை. 2019இல் ஸ்லோவேனியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் வந்த ஒருவர், ஸ்பீல்ஃபெல்ட் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்தார். அபராதம் 36 யூரோ. கட்டிவிட்டுப் போயிருக்கலாம்; அவர் வழக்குப் போட்டார். ஆஸ்திரியா அந்தச் சோதனையை 2015இல் தொடங்கி, தற்காலிகம் என்று சொல்லியே மறுபடி மறுபடி நீட்டித்துவந்தது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒரே அச்சுறுத்தலைக் காட்டி ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது, புதிய அச்சுறுத்தல் வேண்டும்.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. நாடுகள் சோதனையை விடவில்லை. 2024இல் ஷெங்கன் எல்லைச் சட்டத் தொகுப்பே திருத்தப்பட்டது. இப்போது முன்கூட்டியே எதிர்பார்க்கப்படும் அச்சுறுத்தலுக்கு இரண்டு ஆண்டுவரை சோதனை நடத்தலாம். பெருஞ்சிக்கல் தொடர்ந்தால் அதற்கு மேலும் நீட்டிக்கலாம். நடைமுறையைச் சட்டத்துக்குள் கொண்டுவராமல், சட்டத்தை நடைமுறையின் அளவுக்குத் தைத்துக் கொடுத்ததாகவே நான் இதைப் படிக்கிறேன். எதிர்வாதம் செய்வோர் இந்த அவையில் இருந்தால் மகிழ்வேன்.

இந்த நாடுகளின் அச்சம் முழுக்கப் பொய் என்று சொல்லவரவில்லை. 2021இல் பெலாரஸ் ஆட்சி அகதிகளைப் போலந்து எல்லைக்குத் திட்டமிட்டுத் தள்ளியது. போலந்து 186 கிலோமீட்டருக்கு இரும்புவேலி எழுப்பியது. பின்லாந்து ரஷ்யாவுடனான தன் நீண்ட எல்லையில் கடவுச் சாவடிகளை 2023 இறுதியில் மூடியது. ஆனால் வெளிவேலியைப் பலப்படுத்தினால் உள்கதவுகளைத் திறந்து வைக்கலாம் என்பதுதான் ஷெங்கனின் பேரமே. வேலியும் எழுந்தது, கதவும் சாத்தப்படுகிறது என்றால், அங்கே குறைந்திருப்பது உறுப்பு நாடுகளுக்கு இடையேயான நம்பிக்கை. பக்கத்து நாட்டுக் காவலரை நம்பாத ஒன்றியத்துக்கு எத்தனை உயர வேலியும் போதாது.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் உறுப்பு நாடு காரணம் எழுதி ஐரோப்பிய ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். 2015 முதல் வந்த அந்த அறிவிப்புகளை வரிசையாக வைத்துப் படியுங்கள்: எந்தக் காரணம் மாறியது, எது நகலெடுக்கப்பட்டது என்று. ஆஸ்திரிய வழக்கு பற்றிய கட்டுரையே முதல் அமர்வில் வருகிறது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.